வளைவில் திரும்பும் விளக்கு

இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கார் ஷெட்டை விட்டு நகரக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன். ஏழு மணிக்கு டி.வி.யில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நாலு வருஷமாகக் காத்திருந்த போட்டி. அதே சாயங்காலம் மலைமேல் ஒரு கல்யாண வரவேற்பு. தன் அண்ணன் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டிப் போக வேண்டும் என்று என் மனைவியும் தீர்மானித்திருந்தாள். எங்கள் வீட்டில் இரண்டு தீர்மானம் மோதினால் எது பிழைக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

போட்டியைச் சொன்னால் எடுபடாது. பழியைக் காரின் முகப்பு விளக்கின்மேல் போட்டேன்.

"மலைப் பாதை. முழுக்க வளைவு. வெளிச்சம் நேரா பள்ளத்துலதான் விழும்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஸ்டியரிங்கைத் திருப்பினா விளக்கும் கூடவே திரும்பும்னு சொன்னீங்களே."

சொன்னேன்தான். இந்தக் கார்தான் வேண்டும் என்று ஒரு மாதம் அவள் பின்னாலேயே அலைந்தபோது சொன்னேன். எதிரே வண்டி வந்தால் அந்தப் பக்கத்து வெளிச்சத்தை மட்டும் மறைக்கும் என்று அளந்ததையும் அவள் மறக்கவில்லை. பின்சீட்டில் பாரம் ஏறினால் விளக்கு வானத்தைப் பார்க்குமே என்று இழுத்தேன். அப்போது தானே தாழ்த்திக்கொள்ளும் என்று நான் எந்தக் கிழமை சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும்.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"விளக்கு எல்லாத்தையும் சரிபண்ணிக்கும். என் கண்ணுதான் சரிபண்ணிக்க மாட்டேங்குது. ஆறு மணிக்கு மேல ஒண்ணும் தெரியலை."

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிறவன் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் நம்பிவிட்டாள். முகத்தில் அத்தனை கவலை. எனக்கே பாவமாக இருந்தது.

"முன்னாடியே சொல்லக்கூடாதாங்க? நானே ஓட்டிட்டுப் போறேன்."

பீரோவைத் திறந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். மூன்று மாதமாகக் காலையில் நடைப்பயிற்சி என்று போனதெல்லாம் டிரைவிங் ஸ்கூலுக்காம். போட்டியாவது மிஞ்சியதே என்று சாவியைக் கொடுத்தேன்.

ஆறேகாலுக்கு மச்சான் வந்தார். மலை ஏறினால் வாந்தி எடுப்பார்கள் என்று மூன்று பிள்ளைகளையும் என்னிடம் விட்டுவிட்டு, தன் மனைவியோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். தெருமுனையில் கார் திரும்பியது. விளக்கும் கூடவே அழகாகத் திரும்பியது. பெருமையாகத்தான் இருந்தது.

ஏழு மணி. நாற்காலியை இழுத்துப் போட்டு டி.வி.யைப் போட்டேன். மச்சானின் மூத்த பெண் என் கையிலிருந்த ரிமோட்டைப் பணிவாக வாங்கி, பொம்மைப் படம் வைத்தாள்.

"அத்தை சொல்லிட்டுப் போனாங்க மாமா. ஆறு மணிக்கு மேல உங்களுக்குக் கண்ணு தெரியாதாம், ரிமோட் எங்ககிட்டதான் இருக்கணுமாம்."