வாடை இல்லாத தெரு

2020 ஜூலை 6, திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, முப்பத்தேழு வீடுகள் கொண்ட சுண்ணாம்புக் கிடங்குத் தெருவில் அரசு முறைப்படி சோதிக்கப்பட்ட முதல் மூக்கு முகமது பாரூக்கினுடையது.

பாரூக் கைலிக் கடை வைத்திருப்பவர். கொரோனாவுக்கு அவர் வீட்டில் கிடைத்த மரியாதை திண்டுக்கல் டவுனில் வேறெங்கும் கிடைத்திருக்காது. வெளியிலிருந்து வரும் எதுவும் அங்கே நேராக உள்ளே போய்விட முடியாது. பால் பாக்கெட் சோப்புத் தண்ணீரில் முங்கி எழ வேண்டும். செய்தித்தாள் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் படுத்து எழ வேண்டும். கத்தரிக்காய் மஞ்சள் தண்ணீரில் தினமும் இரண்டு முறை குளித்தது. பாரூக் ஒரு முறைதான். அவர் மனைவி பக்ருன்னிசா கதவைத் திறப்பதும் விளக்கைப் போடுவதும் முழங்கையால். “அப்ப கை எதுக்கும்மா?” என்று மகள் நஸீரா கேட்டபோது, “கழுவுறதுக்கு” என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நஸீராவுக்கு நிக்காஹ். வீட்டிலேயே, ஐம்பது பேருக்குள், முறையான அனுமதியோடு.

இந்தச் சம்பந்தம் அமைந்ததே ஒரு அதிசயம். தெருவின் மேற்குக் கோடியில் தோல் பதனிடுகிற ‘தோல் ஷாப்’ இருக்கிறது. பச்சைத் தோல் ஊறுகிற வாடை, வாடகை தராத குடித்தனக்காரரைப் போல அந்தத் தெருவிலேயே தங்கிவிட்டது. தெருக்காரர்களுக்கு அது வராது. பிறந்த நாள் முதல் அதைத்தான் காற்று என்று நினைத்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியூர் ஆட்களின் முகம் போகிற போக்கைப் பார்த்துத்தான், வாடை இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். நஸீராவைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் டீ வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டன.

மூன்றாவதாக வந்தது வத்தலக்குண்டு அப்துல் ஹக்கீம் குடும்பம். ஜூன் மாதம் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு மாஸ்க் போட்டு வந்தார்கள். தொற்றுக்குப் பயந்து டீயைத் தொடவில்லை. “நல்ல காத்தோட்டமான தெரு” என்று பாராட்டிவிட்டு நாள் குறித்தார்கள். நாடே கொரோனா எப்போது ஒழியும் என்று தவித்தபோது, அது ஒழிவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டுமே என்று தவித்தவர் பாரூக்.

இந்த நிலையில்தான் சுகாதார ஆய்வாளர் சிவபிரகாஷ், ‘மணம் அறியும் திறன் கண்டறியும் சிறப்பு முகாம்’ என்ற பேனரோடு வந்து சேர்ந்தார். கன்னிவாடிக்காரர், மலைக்காற்றில் வளர்ந்த மூக்கு. வலுவான மணமுள்ள பொருள் ஒன்றை முகரக் கொடுக்க வேண்டும், மணம் தெரியாதவரை வீட்டோடு தனிமைப்படுத்த வேண்டும் என்பது சுற்றறிக்கை. பொருள் மட்டும் வந்து சேரவில்லை. ‘பொருள் வந்து சேரும் வரை, அந்தந்தப் பகுதியில் இயல்பாக நிலவும் மணத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்ற துணைச் சுற்றறிக்கை முன்கூட்டியே வந்துவிட்டது.

“ஏதாச்சும் வாடை வருதா பாய்?” என்று கேட்டார் சிவபிரகாஷ். போட்டிருந்த இரண்டு மாஸ்க்கையும் தாண்டி அவருக்குக் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“இல்லையே சார்.”

“நல்லா இழுத்துப் பாருங்க.”

பாரூக் இழுத்தார். “மூணாவது வீட்டுல சீரகம் வறுக்குறாக. லேசாக் கருகிருச்சு.”

“அது கேள்வியில இல்ல. வேற?”

“பிளீச்சிங் பவுடர் வாடை.”

“அது அரசாங்கம் போட்டது. கணக்குல சேராது. வேற எதுவுமே வரலையா?”

“சத்தியமா இல்ல சார்.”

உள்ளிருந்து பக்ருன்னிசா பெருமையாகக் குரல் கொடுத்தாள். “எங்க வீட்டுல எந்த வாடையும் வராது சார். அம்புட்டுச் சுத்தம்!”

சிவபிரகாஷ் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ‘மணம் அறியும் திறன் இல்லை’ என்று எழுதினார்.

பதினொரு மணிக்குள் முப்பத்தேழு வீடுகளும் தேறவில்லை. தமிழ்நாட்டில் வேறெந்தத் தெருவும் காணாத நூறு சதவீதம். மதியத்துக்குள் தெருவின் இரு முனையிலும் தகரம் அடித்தாகிவிட்டது. பதினாலு நாள்.

தகரத்துக்கு உள்பக்கம் நின்று, அதே தெருவின் வெற்றிலைக் கடை மொக்கைச்சாமி கத்தினார். “ஏன் சார், மூக்குல குச்சி விட்டுப் பாக்குறாகளே, அதைச் செய்யலாம்ல?”

“குச்சி அறிகுறி உள்ளவங்களுக்குத்தான்.”

“எங்களுக்குத்தான் அறிகுறி இருக்குங்குறீகளே!”

“இருக்கு. அதனாலதான் தகரம் அடிச்சிருக்கு. தகரம் அடிச்ச தெருவுக்குள்ள குச்சி வர அனுமதி இல்ல.”

சாயங்காலம் வத்தலக்குண்டிலிருந்து போன் வந்தது.

“சம்பந்தி, தெருவுக்கே தகரம் அடிச்சுட்டாகளாமே?” என்றார் ஹக்கீம். “வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துட்டா வாரோம். இல்லாட்டியும் ஒண்ணும் கெட்டுப்போகல. நோயெல்லாம் ஓயட்டும். மாஸ்க்கைக் கழட்டிப் போட்டுட்டு, சாவகாசமா உங்க வீட்டுல ரெண்டு நாள் தங்கி வச்சுக்குவோம்.”

பாரூக் போனைக் காதில் வைத்தபடியே தெருவின் மேற்குக் கோடியைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் தகரத்தின் ஓட்டை வழியாகச் சிவபிரகாஷிடம் உண்மையைச் சொன்னார். “சார், இது தோல் ஷாப் வாடை. எங்களுக்குப் பழகிருச்சு, அதான் தெரியல. மூக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“இந்தத் தெருவுல வாடை இருக்குன்னு அரசு ஆதாரம் இருக்கா?”

இல்லை. பதினோரு வருஷமாக அந்த வாடையைப் பற்றி மனுக் கொடுத்து வந்தவரே பாரூக்தான். ஒவ்வொரு வருஷமும், ‘மேற்படி தெருவில் நேரில் ஆய்வு செய்ததில் வாடை ஏதும் கண்டறியப்படவில்லை’ என்று காற்றுத் தூய்மைக் கண்காணிப்பு அலுவலகம் பதில் போட்டு வந்தது.

இதைக் கேட்டதும் சிவபிரகாஷுக்கே குழப்பம் வந்துவிட்டது. இல்லாத வாடையை வைத்து ஒரு தெருவையே சோதித்துவிட்டோமோ? அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டார். புதன்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினார் அதிகாரி ரோஸ்மேரி. இறங்கிய வேகத்தில் கர்ச்சீப்பை எடுத்து மாஸ்க்கின் மேல் அழுத்திக்கொண்டார்.

“மேடம், உங்களுக்கு வாடை வருதா?” என்றார் சிவபிரகாஷ்.

“வரல.”

சிவபிரகாஷ் பேனாவை எடுத்தார்.

“என்ன எழுதுறீங்க?”

“மணம் அறியும் திறன் இல்லை. நீங்களும் தகரத்துக்கு அந்தப் பக்கம் போயிருங்க மேடம். பதினாலு நாள்.”

“இருங்க, இருங்க. வருதுன்னு சொன்னா?”

“உங்க ஆபீஸ் பதினோரு வருஷமாப் பொய் சொல்லிச்சுன்னு ஆகும். அது எங்க துறை இல்ல.”

ரோஸ்மேரி ஜீப் நிழல் வரைக்கும் ஒரு நடை போனார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“சார், வாடை இல்லைன்னு எங்க ஆபீஸ் சொல்லுது. வாடை வரலைன்னு இவங்க சொல்றாங்க. ரெண்டும் அப்படியே பொருந்துது. இல்லாத வாடை வராம இருந்தா அதுக்குப் பேரு ஆரோக்கியம். நானும் அப்படித்தான், இவங்களும் அப்படித்தான். இங்க வாடை வருதுன்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான்.”

சிவபிரகாஷ் சுற்றறிக்கையைப் புரட்டினார். அறிகுறிகள் பட்டியலில் ஒன்பதாவதாக, ‘இல்லாத மணத்தை உணர்தல்’ இருந்தது. அவருக்கு அப்போதே லேசாகக் காய்ச்சல் அடிப்பது போல் இருந்தது.

தகரத்தை எடுக்க ஒன்றுதான் பாக்கி. தெருக்காரர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். வாசகத்தை ரோஸ்மேரியே சொன்னார்: ‘எங்கள் தெருவில் எக்காலத்திலும் எவ்வித வாடையும் இருந்ததில்லை, தற்போதும் இல்லை என்பதை முழு மனதுடன் உறுதி செய்கிறோம்.’

“பாய், கையெழுத்துப் போட்டுராதீக!” என்று குதித்தார் மொக்கைச்சாமி. “பதினோரு வருசம் மனுக் குடுத்த கையி அது. இதைப் போட்டம்னா செத்தாலும் அந்த வாடை போகாது.”

பாரூக் பேனாவைப் பிடித்தபடி நின்றார். பக்ருன்னிசா பின்னாலிருந்து முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

“வாடை எங்கயும் போகாதுங்க. கல்யாணம் போயிரும்.”

பாரூக் போட்டார். அவர் போட்டதைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. பக்ருன்னிசா ஒவ்வொரு கைக்கும் இடையில் பேனாவைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்ததால் மூன்று பேனாக்கள் உயிர்விட்டன. கடைசியாக மொக்கைச்சாமியும் போட்டார். வெற்றிலை அழுகிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை தகரம் இறங்கியது. அதே தகரம் அதே வண்டியில் கன்னிவாடிக்குப் போனது. வீட்டுக்கு வழி காட்டுவதற்குச் சிவபிரகாஷும் கூடவே போனார்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. ஐம்பது பேரும் ஐம்பது மாஸ்க்கும். துஆ முடிந்தது. பிரியாணி வந்தது. பிரியாணியை மாஸ்க் போட்டுச் சாப்பிட இன்னும் சுற்றறிக்கை வரவில்லை.

ஹக்கீம் முதல் மாஸ்க்கை இறக்கினார். இரண்டாவதையும் இறக்கினார். பாரூக் மூச்சை அடக்கிக்கொண்டார். சம்பந்தியின் மூக்கு ஒரு முறை விடைத்தது. புருவம் ஏறியது. இதற்கு முன் இரண்டு குடும்பங்களில் பார்த்த அதே முகம்.

“சம்பந்தி… இங்க என்னமோ ஒரு…”

பாரூக் சட்டென்று குனிந்து அவர் காதோரம் சொன்னார். “உங்களுக்கு வாடை வருதா? சத்தமாச் சொல்லிராதீக சம்பந்தி. அது நோயி. நேத்துத்தான் ஒரு ஆபீசரைக் கொண்டுபோய்த் தகரத்துக்குள்ள வச்சாக.”

ஹக்கீம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“வாடையா? அப்படி ஒண்ணும் இல்லையே!” என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, இலையில் கை வைத்தார். வத்தலக்குண்டிலிருந்து வந்த மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்து, ஒண்ணும் இல்லை என்றார்கள்.

2022 ஜூன் 16 அன்று, வாடை இல்லை என்று குடியிருப்போரே எழுத்து மூலம் உறுதி செய்த, திண்டுக்கல்லின் ஒரே இடம் என்ற அடிப்படையில், சுண்ணாம்புக் கிடங்குத் தெருவின் கிழக்குக் கோடியில் இரண்டாவது தோல் ஷாப் திறக்கப்பட்டது.