கம்ப்யூட்டரைத் தம்மில் வைத்த நாள்

ஒவ்வொரு தொழிலுக்கும் மானத்தைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் உண்டு. தையற்காரர் "காஜா மட்டும்தான் பாக்கி" என்பார். மெக்கானிக் "பார்ட்ஸ் வரணும் சார்" என்பார். எங்கள் சாஃப்ட்வேர் கூட்டத்துக்கு வாய்த்தது, "என் லேப்டாப்ல ஓடுதே!" எல்லோரும் இதை ஏசி ரூமில், நாலு பேர் எதிரில் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். நான் மட்டும் ஒரு ஷூ கம்பெனி முழுவதும் பசியோடு வரிசையில் நிற்கையில், பிரியாணி அண்டாக்களுக்கு எதிரில் சொன்னேன்.

கம்பெனி ஆம்பூரில் இருக்கிறது (பேர் வேண்டாம், நான் இன்னும் அந்த ரோட்டில் போய் வரவேண்டியிருக்கிறது). அம்மா அங்கே தையல் லைனில் வேலை பார்த்தாள். மேனேஜரை வழிமறித்து, "என் பையன் ஜாவா படிச்சிருக்கான் சார், ஒரு சான்ஸ் குடுங்க" என்று கேட்டு எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். ஜாவா என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. (எனக்கு மட்டும் தெரிந்ததா என்றால், மேலே படியுங்கள்.) மேனேஜர் யோசித்து, "உங்களுக்காகப் பாக்குறேன்மா. சரியா வரலைன்னா அனுப்பிடுவேன்" என்றார்.

எனக்குக் கிடைத்த வேலை கேன்டீன் டோக்கன். ஐடி கார்டைக் காட்டினால் டோக்கன் அச்சாகி வெளியே வரவேண்டும். எழுதி முடித்தேன். அது ஒழுங்காகவும் ஓடியது. அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "இனிமே நீங்கல்லாம் சாப்புடறது என் பையன் குடுக்கற டோக்கன்லதான்" என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

அப்போதுதான் ஒரு பெரிய ஆர்டர் நேரத்துக்குக் கப்பல் ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் பிரியாணி என்று கம்பெனி அறிவித்தது. ஒருவரே இரண்டு முறை வாங்காமலிருக்க டோக்கனில் ஒரு சதுரக் குறியீடு போடச் சொன்னார்கள். (ஆம்பூரில் பிரியாணிக்குக் காவல் போடுவது துணிச்சலான காரியம்.) அந்தக் குறியீட்டை வரைய யாரோ புண்ணியவான் ஏற்கெனவே புரோகிராம் எழுதி, ஜார் என்கிற மூட்டையாகக் கட்டி இணையத்தில் வைத்திருந்தார். அதை டவுன்லோட் செய்து என் லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் போட்டேன். புரோகிராமின் தலையில் இம்போர்ட் என்று ஒரு வரி எழுதினேன். அதாவது, அந்த மூட்டையிலிருந்து இன்னதை எடுத்துக்கொள் என்று அர்த்தம். உடனே வரிக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. மூட்டை எங்கே இருக்கிறதென்று எடிட்டருக்குக் காட்டிக் கொடுத்தேன். கோடு மறைந்தது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பிரியாணி நாள் காலையில் புதிய புரோகிராமைக் கேன்டீன் சர்வரில் ஏற்றினேன். முதல் பக்கம் பளிச்சென்று வந்தது. அது போதும் என்று டீ குடிக்கப் போய்விட்டேன். ஜாவாவுக்கு ஒரு குணம் உண்டு. தேவைப்படும்வரை எதையும் தேடாது. முதல் டோக்கன் அச்சாகும்போதுதான் அந்த மூட்டை எங்கே என்று கேட்கும்.

மத்தியானம் கேட்டது.

வரிசையில் முதல் ஆள் அம்மா. சிரித்துக்கொண்டே கார்டைக் காட்டினாள். டோக்கன் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. அதில் 500 என்ற பிழை எண்ணும், அதன் கீழே இங்கிலீஷில் ஒரு மைல் நீளத்துக்குத் திட்டும் இருந்தன. பின்னால் நின்றவர்களுக்கு எண் மட்டும்தான் தெரிந்தது. பிரியாணியோடு ஆளுக்கு ஐந்நூறு ரூபாயாம் என்று வரிசையின் கடைசிவரை செய்தி பரவி, கைதட்டல் வேறு.

"இன்னாடா இது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. என் லேப்டாப்ல ஓடுச்சு."

"அப்ப பிரியாணியும் உன் லேப்டாப்லயே போட்டுக்கலாமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அலை அலையாக வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது. இம்போர்ட் வரியை இரண்டாம் முறை எழுதினேன், அழுத்திச் சொன்னால் கேட்கும் என்று. சர்வரை அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். கடைசியில் வேறொரு ஜாவாவையே இன்ஸ்டால் செய்தேன். அதுவரை முதல் பக்கமாவது வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

சமையல் பாய் கரண்டியோடு கையைக் கட்டிக்கொண்டார். "அண்டா தம்முல இருக்கு. டோக்கன் இல்லாம மூடி தொறக்க மாட்டேன். ஆனா ஜாஸ்தி நேரம் ஆச்சுன்னா குழைஞ்சிடும், என்னைக் கேக்கக் கூடாது." மேனேஜர் வந்து ஓரமாக நின்றார். திட்டவில்லை. அம்மாவைப் பார்த்தார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அம்மா கார்டை இறக்காமல் அப்படியே வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"யாரும் கத்தாதீங்கடி! கம்ப்யூட்டர தம்முல வெச்சிருக்கான். நடுவுல மூடியத் தொறந்தா நஷ்டம் உங்களுக்குத்தான்!"

கேன்டீனே குலுங்கிச் சிரித்தது. ஆனால் அதன் பிறகு யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. பக்கத்து லைன்காரர்களிடம்கூட "தம்முல இருக்காம்" என்று பொறுமையாக விளக்கினார்கள். அம்மாவை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தட்டும் கையுமாக வந்தாள் நஸ்ரீன். சம்பளப் பிரிவுக்குப் புரோகிராம் எழுதுகிறவள், என்னோடு ஒரே வாரத்தில் சேர்ந்தவள், வாணியம்பாடிக்காரி. "நகரு" என்றாள். நான் முதல் வரியைப் பார்த்தே பயந்துபோன அந்த ஒரு மைல் நீளத் திட்டை, சர்வரின் பதிவிலிருந்து எடுத்து, கல்யாணப் பத்திரிகையில் தன் வீட்டுப் பேர் இருக்கிறதா என்று பார்க்கிறவள்போல நிதானமாகக் கடைசிவரை படித்தாள். அப்படிப் படிக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இந்த கிளாஸ் கிடைக்கலன்னு அதுவே சொல்லுதே. ஜார் எங்க வெச்ச?"

"டெஸ்க்டாப்ல."

"யார் டெஸ்க்டாப்ல?"

"என்... லேப்டாப்..."

நஸ்ரீன் கண்ணை மூடித் திறந்தாள். "சர்வர் உன் வீட்டுக்கு வந்தா எடுத்துக்கும்? சரி, வேற இன்னா பண்ண?"

சொன்னேன்.

"அட தோஸ்த், ஜுரம்னு வந்தவன் காலையும் ஒடச்சிட்டியே!"

காலைக் கட்டினாள், பழைய ஜாவாவுக்கே சர்வரைத் திருப்பி. என் லேப்டாப்பிலிருந்து ஜாரைப் பென்டிரைவில் எடுத்துவந்து, புரோகிராமோடு சேர்ந்தே இருக்க வேண்டிய லிப் ஃபோல்டரில் போட்டாள். சர்வர் எழுந்தது. "இன்னா ப்ராப்ளம்?" என்று மேனேஜர் கேட்டபோது, "ஒரு ஃபைல் வர லேட்டாயிடுச்சு சார், வந்துடுச்சு" என்றாள். ஃபைல் யாருடையது என்று சொல்லவே இல்லை. எத்தனையோ பெரிய எஞ்சினியர்களோடு பிறகு வேலை பார்த்துவிட்டேன். தப்பை இவ்வளவு சீக்கிரம் பிடித்து, தப்பு செய்தவனை இவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுகிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அம்மா மறுபடி கார்டைக் காட்டினாள். டோக்கன் வந்தது. அந்த முதல் தட்டை வாங்கி நஸ்ரீன் கையில் கொடுத்தாள். எனக்குக் கடைசித் தட்டு. அம்மாவே நின்று அதை உறுதிசெய்தாள். குழைந்துதான் போயிருந்தது. பாய் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. வேலை மட்டும் தப்பியது, நஸ்ரீன் பார்த்த பிறகே எதையும் சர்வரில் ஏற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு.

இதையெல்லாம் என் கல்யாணத்துக்கு வந்த நஸ்ரீன், மேடையிலேயே என் மனைவிக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன் பலனை ஞாயிற்றுக்கிழமைதோறும் அனுபவிக்கிறேன். தட்டோடு போய் உட்கார்ந்தால் மனைவி கரண்டியை மேலே தூக்கிக்கொண்டு, "டோக்கன்?" என்பாள்.

"இருக்கு, வெச்சிருக்கேன்."

"யார் டெஸ்க்டாப்ல?"

என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கும் அம்மாதான் கடைசியில் எனக்காகப் பேசுவாள், அன்றைக்குப் பேசிய அதே குரலில்:

"போட்டுடும்மா, பாவம். அவன் இன்னும் தம்முலதான் இருக்கான்."