ஒன்பதும் இல்லாத மிக்சர்

வாசகர்களே, இன்று உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தப்போகிற பிராணிக்கு 'நானே பண்ணிடுறேன்' என்று பெயர். கடையில் எதை எடுத்தாலும் திருப்பிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, உச்சுக் கொட்டி, விலையைப் பார்த்து இன்னொரு தரம் உச்சுக் கொட்டி, "இதை வீட்டிலேயே கால்வாசி விலைக்குப் பண்ணிடலாமே" என்று கேட்காத ஆளிடம் சொல்லிவிட்டு, பாக்கெட்டை வேறு ஏதோ தட்டில் செருகிவிட்டுப் போகுமே, அதுதான். சாதுவான ஜீவன். கடிக்காது. ஊட்டும். அதனிடம் நாம் தப்பிக்க முடியாமல் போவதும் அதனால்தான்.

இந்த இனத்துக்கு எங்கள் ஊரில் உத்தமமான மாதிரி மார்னி ஹாஃப்ஸ்டாட். மினசோட்டாவில், ஏரிக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சின்ன ஊர் எங்களுடையது. இங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை சனிக்கிழமை காலை என்றால், எட்டு வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகள் பனிக்கட்டித் தளத்தில் ஹாக்கி ஆடுவார்கள், அல்லது ஹாக்கி என்ற பெயரில் விழுந்து எழுந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் முறைவைத்து ஒரு குடும்பம் எல்லாருக்கும் தீனி கொண்டுவரும். மற்றவர்கள் போகிற வழியில் எதையாவது வாங்கி வருவார்கள். மார்னியின் முறை வந்தால் மட்டும் வண்டியின் பின்கதவு திறக்கும், ஐஸ்கிரீம் வாளிகள் இறங்கும். ஐஸ்கிரீம் தீர்ந்ததும் மூடி போட்ட வாளியைத் தூக்கி எறிகிற பாவத்தை எங்கள் ஊரில் எவரும் செய்வதில்லை. மார்னி வீட்டில் அப்படிப்பட்ட வாளிகள் நாற்பத்தொன்று இருந்தன.

வாளிக்குள் என்ன? மிக்சர். மார்னியின் மிக்சரில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது, என்ன இல்லை என்றுதான் கேட்க வேண்டும். முதல் ஆண்டு நிலக்கடலை போயிற்று. அடுத்த ஆண்டு முந்திரி, பாதாம் வகையறா. அப்புறம் கோதுமை, பால், முட்டை, சோயா, எள். பாக்கெட்டுகளில் எச்சரிக்கை போடவேண்டிய ஒன்பது பொருள்களின் பட்டியலைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசி இரண்டும் மீனும் நண்டும். மிக்சரில் மீனை யார் போடப்போகிறார்கள்? அதனால் என்ன, அதையும் நீக்கியாயிற்று என்று பெருமையாக அடித்துவிட்டாள். மிஞ்சியது அரிசிப் பொரி, சோளம், பூசணி விதை, காய்ந்த கிரான்பெர்ரிப் பழம், கொஞ்சம் உப்பு, நிறைய மனசாட்சி.

சாப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள்? "வித்தியாசமா இருக்கு, மார்னி" என்றார்கள். எங்கள் ஊர்க்காரன் ஒரு பண்டத்தை 'வித்தியாசமா இருக்கு' என்றால், இனி என் கண்ணில் காட்டாதே என்று பொருள். மார்னியும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். பக்கத்து வீட்டுக்காரியின் கேக்கைப் பற்றி அவளே எத்தனையோ முறை அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் தன் மிக்சருக்கு என்று வரும்போது அந்தச் சொல்லைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அடுத்த தடவை இரண்டு வாளி கூடுதலாகச் செய்தாள்.

அவள் கணவன் டேல் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன். அவனுக்கு முந்திரி என்றால் உயிர். வீட்டுக்குள் கடலைக்கும் கொட்டைக்கும் தடை வந்த பிறகு, வெளியே மைனஸ் இருபது டிகிரி குளிரில், கார் நிறுத்தும் கொட்டகையில் நின்று, ஒரு கையில் கையுறையும் மறு கையில் முந்திரியுமாக மென்றுவிட்டு, வாயைக் கொப்பளித்து, சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவான். அப்படியும் மார்னி அவன் மீசையை ஒரு பார்வை பார்ப்பாள்.

இத்தனை கெடுபிடியும் யாருக்காக? ஒரே ஒரு குழந்தைக்காக. இதைச் சொல்லாமல் மார்னியைக் கேலி மட்டும் செய்தால் எனக்குப் பாவம் சேரும். எல்ஸி என்று ஒரு பெண், ஏழு வயது, குழுவின் கோல்கீப்பர். மூன்று வயதில் யார் வீட்டுப் பிறந்தநாளிலோ முந்திரித் துண்டு ஒன்று வாயில் போய், உதடு வீங்கி, மூச்சு அடைத்து, ஆம்புலன்சில் போனவள். அன்று முதல் அவள் அம்மா ஹைடி கோட்டின் உள்பையில், மூச்சு அடைத்தால் உடனே போடுகிற இரண்டு ஊசிகள் இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. சனிக்கிழமைகளில் எல்லாக் குழந்தைகளும் வட்டமாக உட்கார்ந்து கொறிக்கும்போது, எல்ஸி பெஞ்சின் கடைசியில் தனியாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு மார்னியால் சும்மா இருக்க முடியவில்லை. இந்த சீசன் முடிவதற்குள் அந்தக் குழந்தை மற்றவர்களோடு உட்கார்ந்து என் கையால் சாப்பிட வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டாள். 'என் கையால்' என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

மூன்று வாரம் பாடுபட்டாள். மருந்துக் கடைக்காரரைக் கேட்டாள். நூலகத்தில் புத்தகம் எடுத்தாள். டுலூத் நகரத்தில் நர்சாக இருக்கும் சித்தி மகளை இரண்டு முறை தொலைபேசியில் பிடித்தாள். அடுப்பின் உட்சுவரைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். ஹைடியைக் கேட்டாளா? அதெப்படிக் கேட்பது? கேட்டுவிட்டால் ஆச்சரியம் போய்விடாதா?

அப்புறம் சிக்கனம். அது இந்த இனத்தின் இன்னொரு குணம். ஒவ்வாமைக்காரர்களுக்கென்று தனி ஆலையில் கட்டி சீல் வைத்த பூசணி விதை பாக்கெட் மூன்று மடங்கு விலை. "முத்திரைக்கா இவ்வளவு காசு?" என்று அதைப் பழையபடி தட்டில் செருகிவிட்டு, டேலையும் கூட்டிக்கொண்டு கூட்டுறவுக் கடைக்குப் போனாள். அங்கே சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள். வேண்டியதைக் கரண்டியால் நாமே அள்ளி எடை போட்டுக்கொள்ளலாம். ஒரு குழந்தைக்கு முப்பத்தெட்டு சென்ட்தான் அடங்கியது என்று கணக்குப் பார்த்தபோது மார்னிக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

சீசனின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. தளத்துக்கு வெளியே கூடத்தில் குழந்தைகள் சறுக்குக் காலணிகளைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தார்கள். பதினான்கு சிறு பைகள். ஒவ்வொன்றிலும் மார்னியின் கையெழுத்தில் ஒரு சீட்டு: கடலை இல்லை, கொட்டை இல்லை, பால் இல்லை என்று ஒன்பது இல்லைகள். பதின்மூன்றைக் கொடுத்து முடித்தாள். பதினான்காவதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹைடியிடம் போனாள். பேச்சு அடங்கியது. பயிற்சியாளர்கூட மூக்குச் சிந்துவதை நிறுத்திவிட்டார்.

"இது எல்ஸிக்கு. ஒன்பதும் கிடையாது. மூணு வாரமா இதே வேலைதான் எனக்கு."

ஹைடியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து அப்படியே நின்றது. "ஐயோ மார்னி, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்கு இத்தனை சிரமம்?"

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யார் எதை நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை, 'சரி, ரொம்ப வற்புறுத்துறீங்க' என்று வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே வாங்கிக்கொள்பவனை வெளி மாநிலத்துக்காரன் என்று கண்டுபிடித்துவிடுவோம். ஆகவே ஹைடியின் வேண்டாம் மார்னியின் காதில் இனிமையாக விழுந்தது. எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று பூரித்தாள்.

"ஒரு சிரமமும் இல்ல. குழந்தைக்குக் கொடுங்க."

"இல்லைங்க, வேண்டாம். அவ கிட்ட ஆரஞ்சு இருக்கு."

இரண்டு ஆயிற்று. இனி மூன்றாவதுக்குக் காத்திருப்பானேன்? மார்னி குனிந்து பையை எல்ஸியின் கையிலேயே வைத்துவிட்டாள். "எடுத்துக்கோ கண்ணு. எல்லாரோடயும் போய் உக்காந்து சாப்பிடு."

எல்ஸி வட்டத்தைப் பார்த்தாள். வட்டத்தில் மார்னியின் மகள் பிரின் நகர்ந்து இடம் விட்டிருந்தாள். எல்ஸி அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சீட்டைப் படித்தாள். மெதுவாக, விரல் வைத்து.

"பிரின் அம்மா, இதுல என்ன இல்லைன்னு எழுதியிருக்கு. என்ன இருக்குன்னு எழுதலையே?"

"எல்லாம் நல்ல சாமான்தான்டா. பொரி, சோளம், பூசணி விதை."

"விதையோட பாக்கெட் எங்க? நான் பாக்கெட்டைப் படிச்சுட்டுத்தான் சாப்பிடணும்."

"பாக்கெட்டே இல்ல. கூட்டுறவுக் கடைத் தொட்டியில நானே பார்த்துப் பார்த்து அள்ளினது. ஒவ்வொரு தொட்டிக்கும் தனிக் கரண்டி போட்டிருக்காங்க. கயிறு கட்டி."

அப்போதுதான் டேல் பேசினான். அன்றைக்குரிய வார்த்தைகளை எல்லாம் அவன் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்தான் போலும்.

"முந்திரித் தொட்டிக் கயிறு அறுந்து, கரண்டி இல்லாம கிடந்துச்சே, மார்னி."

"அதுக்கென்ன இப்போ?"

"பூசணி விதைக் கரண்டிய இழுத்துத்தான் நீ எனக்கு முந்திரி அள்ளிக் கொடுத்த. அப்புறம் அதே கரண்டியில விதை அள்ளின."

ஹைடி குனிந்து மகளின் கையிலிருந்த பையை வாங்கினாள். பை இன்னும் திறக்கப்படவில்லை. எல்ஸியின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் துடைத்தாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். 'வித்தியாசமா இருக்கு' என்று சொல்லிச் சொல்லி அந்த மிக்சரை வளர்த்துவிட்டவர்கள் நாங்கள்தானே.

மார்னியின் முகம் சுண்டிப்போயிற்று. "ஹைடி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னேன்."

"அது மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"முதல் தடவை மரியாதைக்குத்தான் சொன்னேன்" என்றாள் ஹைடி. "ரெண்டாவது தடவை பயந்து சொன்னேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் வாயில வருது எனக்கு. நீங்க எல்லாரும் நல்லவங்க. நல்லவங்க கிட்ட எப்படிக் கத்துறது?"

அப்புறம் கோட்டுப் பையில், ஊசிகளுக்குப் பக்கத்திலிருந்து, மடித்து மடித்து ஓரம் நைந்துபோன ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எல்ஸி சாப்பிடக்கூடிய சாமான்கள், எந்தக் கம்பெனி, எந்த அளவு பாக்கெட், எல்லாம் அதில் இருந்தது. "ரெண்டு வருஷமா வச்சிருக்கேன். யாராவது கேட்டா கொடுக்கலாம்னு."

மார்னி படித்தாள். எட்டே சாமான். எல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துச் சாதாரணக் கடையில் கிடைப்பவை. சீல் உடைக்காமல் வாங்கி, குழந்தை கண்முன்னே பிரித்துக் கலந்தால் போதும். பழக்கதோஷத்தில் மனக்கணக்கும் போட்டுவிட்டாள்: ஒரு குழந்தைக்கு முப்பத்தொரு சென்ட். அழுகை அப்போதுதான் வந்தது. எல்ஸி ஆரஞ்சில் இரண்டு சுளை பிய்த்து அவளிடம் நீட்டினாள். மார்னி முதல் தடவையே வாங்கிக்கொண்டாள்.

திருந்தினாளா என்கிறீர்களா? இந்த இனம் திருந்துவதில்லை, பாடத்தை மாற்றிக்கொள்ளும். அடுத்த வாரமே குழுவின் எல்லாப் பெற்றோருக்கும் 'கரண்டியால் வரும் கேடு' பற்றி நான்கு பக்கக் கடிதம் வந்தது. கூட்டுறவுக் கடையில் முன்பின் தெரியாதவர்களை எல்லாம் தொட்டியருகே மறித்துப் பாடம் நடத்துகிறாள் என்று கேள்வி. ஆனால் அடுத்த சீசனின் முதல் சனிக்கிழமை எட்டு சீல் பாக்கெட்டுகளோடு வந்து, அவற்றை ஹைடியிடம் கொடுத்துவிட்டு, தள்ளி நின்றாள். படித்து, பிரித்து, கலந்தது எல்ஸி. வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அவளே பரிமாறினாள். மார்னி இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாய் திறந்தாள். டேல் இருமினான். வாய் மூடிக்கொண்டது.

நீங்கள் இதுவரை சிரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள். தெரியும். எங்கள் வீட்டில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது, எல்லாம் கைப்பட அரைத்துக் கைப்படச் சுட்டது என்று சொல்லப்போகிறீர்கள். அதுவும் தெரியும். போன மாதம் உங்கள் வீட்டுக்கு ஒருத்தி குழந்தையோடு வந்தாள். நீங்கள் தட்டு நிறையப் பலகாரம் வைத்தீர்கள். "இவனுக்கு ஒத்துக்காது, வேண்டாங்க" என்றாள். "வீட்டுல பண்ணினது, ஒரு துண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று நீங்கள் அதைக் குழந்தையின் கையில் வைத்தீர்கள். ஐந்து நிமிடத்தில், வீட்டில் அவசர வேலை இருக்கிறது என்று சொல்லி அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒத்துக்காது என்றாளே, அதை நீங்கள் நம்பவில்லை. அவசர வேலை என்றதை மட்டும் எப்படி நம்பினீர்கள்?