சாவியை எடுத்துக்கொண்டு மரமேறியவர்

"கல்லைக் கீழ போடுங்கன்னு சொல்றேன்ல..."

"ஷுவாய், அது கையில இருக்கறது நம்ம கார் சாவி..."

"எது இருந்தா என்ன? எங்கப்பா பார்த்துக்கிட்டு நிக்கிறாரு!"

தஃபிரா கல்லைக் கீழே போட்டான். அது இரண்டாவது கல். முதல் கல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. குறி தவறியதுதான், ஆனாலும் அந்தப் பபூன் குரங்கு ஒரு கிளை மேலே ஏறி உட்கார்ந்து, சாவியை விரலில் மாட்டிக்கொண்டு அவனை முறைத்தது. மரத்தடியில் நின்ற மாமனாரும் அதே மாதிரிதான் முறைத்தார்.

மாமனார் முக்கான்யா, குரங்குக் குலத்தவர். அந்தக் குலத்தில் பெண் எடுத்தவன் குரங்கின்மேல் கல்லெறிந்தால், பெண் கொடுத்தவர்மேல் எறிந்ததாகத்தான் கணக்கு.

"தாத்தா, அது உங்க தம்பியா?" என்றாள் ஐந்து வயது ரூவிம்போ.

"அண்ணன்" என்றார் அவர். சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் சிரிப்பு நின்று நாலு மாதமாகிறது. மாமியார் இறந்தபோது, அப்பாவுக்குத் துணையாக இரண்டு வாரம் என்று குழந்தையோடு வந்தவள் ஷுவாய். இன்னும் போகவில்லை. ஜனவரியில் ரூவிம்போ தஃபிராவின் ஊரான புலவாயோவில் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்து, தஃபிரா எப்படியோ சம்மதம் வாங்கிவிட்டான். "கடைசியா ஒருநாள் எல்லாரும் பக்கத்து வனவிலங்குப் பூங்காவுக்குப் போயிட்டு வரலாம்" என்றது மாமனார்தான். அவரை வீட்டில் இறக்கிவிட்டு அப்படியே புலவாயோ. பெட்டிகள் டிக்கியில் இருந்தன.

மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். டிக்கியிலிருந்து குடையை எடுக்கச் சாவி வாங்கியவர், எடுத்ததும் சாவியைக் கார்க் கூரைமேல் வைத்தார். அவ்வளவுதான்.

"அப்பாகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றாள் ஷுவாய்.

தஃபிரா கேட்டான்.

"எங்கிட்ட எதுக்கு மாப்பிள்ளை? கல்லடி பட்டிருக்க வேண்டியவரு மேல இருக்காரு."

தஃபிரா சேற்றில் மண்டியிட்டான். உள்ளங்கைகளைக் குவித்து, பெண்வீட்டாரை வணங்கும்போது தட்டுவதுபோல மெதுவாகத் தட்டி, குலப்பெயரால் அழைத்தான். "சோகோ! மரமேறியவரே! மலைக்குச் சொந்தக்காரரே! சின்னவன் தப்பைப் பொறுத்துக்கணும்."

மரமேறியவர் கொட்டாவி விட்டார். பல் ஒவ்வொன்றும் விரல் நீளம்.

"வெறுங்கையோடவா மன்னிப்புக் கேப்பாங்க?" என்றாள் ஷுவாய்.

தஃபிரா பூட்டாத காரைத் திறந்து பொரித்த கோழியில் ஒரு காலை எடுத்து நீட்டினான். அது இறங்கவில்லை. அதன் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் புதரிலிருந்து வந்தார்கள். கோழி போனது, ரொட்டி போனது, பின்சீட்டின் பஞ்சும் போனது. குட்டி ஒன்று ஸ்டியரிங்கில் தொங்கியபடி ஹாரனை அமுக்கியது.

"அப்பா, சித்தப்பா கார் ஓட்டுறாரு!"

"வாயை மூடுடி."

மழையும் பிடித்துக்கொண்டது. குடை ஒன்றுதான். அதன் கீழ் மாமனாரும் பேத்தியும் நின்றார்கள்.

"ஒரு வாழைப்பழம் இருந்தா..." என்று முனகினார் மாமனார்.

காலையில் ஒரு சீப்புப் பழத்தோடு அவர் காரில் ஏறியபோது, "பூங்காவுக்குள்ள பழம் கொண்டுபோகக் கூடாதாம் மாமா" என்று தஃபிரா இரண்டு கையாலும் பணிவாக வாங்கி வீட்டிலேயே வைத்துவிட்டான்.

"பசிக்குது போல. அம்மா போனதுலேருந்து அவருக்குச் சோறே இறங்கறதில்ல" என்றாள் ஷுவாய், தாழ்ந்த குரலில். "விடியறதுக்கு முன்னாடி நடக்கப் போயிடறாரு. கையில நாலு வாழைப்பழம், அதுதான் ஆகாரம். அதையும் பிடுங்கி வச்சிட்டீங்க."

"எனக்கென்ன தெரியும்?"

"உங்களுக்கு என்னதான் தெரியும்?" அவள் மரத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "நான் வரலைங்க. எங்க குலத்துப் பெரியவங்களே வழியை மறிக்கிறாங்க. போகாதேன்னுதான் சாவியைப் பிடிச்சு வச்சிருக்காங்க. இதுக்கு மேலயும் புரியலைன்னா நான் என்ன பொண்ணு?"

"ஷுவாய், வீட்டுல தனியா என்னால..."

"இவரும்தான் தனி."

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார் மாமனார், குடைக்குள்ளிருந்து.

தஃபிரா நனைந்த சட்டையோடு, பஞ்சில்லாத சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மழைக்கோட்டு மாட்டிய காவலாளி ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். காரைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். குடைக்குள் இருப்பவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, கைகளைக் குவித்துத் தட்டினார்.

"என்ன முக்கான்யா ஐயா! ரெண்டு மாசமா தினம் விடிகாலையில வந்து, சாவியைப் பிடுங்கவும், வாழைப்பழத்தைக் காட்டினா திருப்பித் தரவும் இதுக்குப் பாடம் நடத்தினீங்க. பரீட்சையன்னைக்குப் பார்த்துப் பழத்தை விட்டுட்டு வந்துட்டீங்களே!"