தபீதாளின் கல்யாணக் காரை மறித்த கயிறு

அஸ்தினாபுரம்,
14.6.93

மதிப்பிற்குரிய போக்குவரத்து சப்-இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் எலியேசர் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் என் மனைவி சாராளும் சுகம். வெயிலில் நிற்கும் தாங்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

எங்கள் தெருவும் மற்றத் தெருக்களும் ஜி.எஸ்.டி. ரோட்டில் சேரும் இடங்களில், காலை வேளையில் கயிறு கட்டி, நிமிஷத்துக்கு ஐந்து வண்டி மட்டும் விடுகிறீர்கள் அல்லவா? அதை எடுக்கச் சொல்லிப் போன மாதம் நாற்பது கையெழுத்தோடு மனு கொடுத்தவன் நான்தான். மாட்டுக்குக் கட்டுவதை மனிதனுக்குக் கட்டலாமா என்றுகூட எழுதினேன். மன்னிக்கவும்.

போன வெள்ளிக்கிழமை என் ஒரே மகள் தபீதாளுக்குப் பல்லாவரம் சர்ச்சில் ஒன்பதரைக்குக் கல்யாணம். தாமதமானால் பத்து மணி ஜோடிக்குத்தான் முதலில் என்று போதகர் கறாராகச் சொல்லிவிட்டார், சந்தை நாள் வேறு, ஒன்பது மணிக்கு எங்கள் அம்பாசடர் கயிற்றருகே போய்ச் சேர, ஐந்தாவதாக ஒரு தயிர்க்காரர் சைக்கிள் நுழைந்துவிட்டது, கான்ஸ்டபிள் ரத்தினம் கயிற்றை இழுத்துப் பிடித்துவிட்டார். நான் இறங்கி, "சைக்கிளெல்லாம் ஒரு கணக்காப்பா? உள்ளே கல்யாணப் பொண்ணு உட்கார்ந்திருக்கு!" என்று கத்தினேன்.

"இன்னா சார், கணக்கு வாத்தியாரா இருந்துகினு இப்டி பேசறே? நீ ஆறாவது. ஒரு நிமிசம் நில்லு சார்."

"அப்பா, கத்தாதீங்க, உள்ளே வாங்க," என்று தபீதாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "இனிமே உங்களுக்கு பிரஷர் மாத்திரையை யாருப்பா எடுத்துத் தருவா?" என்றாள். இருவரும் அழுதோம். கல்யாண அமளியில் அவளோடு பேசவே முடியாமல் தவித்தவனுக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைத்தது ஐயா.

கயிறு தாழ்ந்தது. மெயின் ரோட்டில் வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. கயிறு கட்டுவதற்கு முன் நாற்பது நிமிஷம் ஆன இடத்துக்குப் பன்னிரண்டே நிமிஷம். தாம்பரத்திலிருந்து மாப்பிள்ளையும் அதேபோல் வந்திறங்க, ஒன்பதரைக்கு ஆராதனை ஆரம்பம். தங்களுக்கும் ரத்தினத்துக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

தங்கள் குடும்பமும், தங்கள் கயிறும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பா. எலியேசர்

பின்குறிப்பு: இப்போதுதான் பக்கத்து வீட்டுத் துரை ஓடி வந்தார். "சார், உங்க மனு ஜெயிச்சிடுச்சு! காலையிலேயே எல்லாத் தெருவுலயும் கயித்தை எடுத்துட்டாங்க. அத்தினி தெரு வண்டியும் ஒண்ணா பூந்து ரோடே அடைச்சிகினு கீது. உங்க பொண்ணு மாப்பிள்ளை கார் நடுவுல நிக்குது" என்கிறார். எட்டு மணிக்கு மறுவீட்டுப் பலகாரத்துக்கு வர வேண்டியவர்கள், மணி பத்தரை ஆகிறது. எங்கள் கொடிக்கயிற்றை அவிழ்த்து, இக்கடிதத்தோடு துரையிடமே கொடுத்தனுப்புகிறேன். துணியெல்லாம் தரையில் கிடக்கிறது, பரவாயில்லை, உடனே கட்டுங்கள் ஐயா.