மஃப்டியில் போன தாய்மாமன்

என் தங்கை மகளின் கல்யாணத்தை ஒரு பொய்யைச் சொல்லி நிறுத்தியவன் நான். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது என்றுதான் இதுவரை எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை. முக்கால்வாசி தெரியாது, கால்வாசி தெரியும். அந்தக் கால்வாசிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, உளவாளிக் கதைகள் மேல் எனக்குப் பித்துப் பிடித்தது. (பித்து என்பது என் மனைவியின் சொல். நான் அதை வாசிப்பு என்பேன்.) மதியம் சாப்பிட்டுவிட்டு அம்பத்தூர் வீட்டு மாடி வராந்தாவில் சாய்ந்தால், புத்தகத்தில் ஒருவன் வேறு பெயரில், வேறு தேசத்தில், ஓடும் ரயிலின் கூரை மேல் ஓடிக்கொண்டிருப்பான். பாதிப் பக்கத்தில் கண் சொருகும். மீதி ஓட்டத்தை நான் தூக்கத்தில் ஓடுவேன். விழித்தால் எதிரே வெளுத்த வானம், மொட்டை மாடிகளில் அசையாமல் தொங்கும் துணிகள், தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம் எங்கோ ஷிப்ட் முடிந்த சங்கு. எந்த ஊரில் இருக்கிறேன், என் உண்மைப் பெயர் என்ன என்று தெளிய ஒரு காபி தேவைப்படும். சில நாள் காபி குடித்த பிறகும் தெளியாது.

அப்படித் தெளியாத ஒரு நாளில் தங்கை வசந்தா வந்தாள்.

"அண்ணா, நித்யாவுக்கு ஒரு இடம் வந்திருக்கு. பையன் பேரு தினேஷ். எஸ்டேட்ல ஒரு கம்பெனியில இன்ஜினியர். வீடு வெள்ளானூர். அப்பா இல்ல, அம்மா வீட்லயே பிளவுஸ் தைக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. நீங்க ஒரு நடை போய் அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டு வந்துடுங்க."

பெண் கொடுக்குமுன் தெருவில் விசாரிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். "பெண்ணுக்கு மாமா நான், பையன் எப்படி, குடிப்பாரா" என்று டீக்கடையில் கேட்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அம்மாவுடன் வந்திருந்த நித்யா கிளம்பும்போது வாசலில் நின்றாள். "மாமா, நல்லபடியா விசாரிங்க" என்றாள். அந்த 'நல்லபடியா'வில் அவள் மனசு முழுவதும் இருந்தது. என் காதில் 'விசாரிங்க' மட்டும்தான் விழுந்தது.

பழைய சாம்பல் நிற சஃபாரியை எடுத்துப் போட்டேன். தொப்பி வைத்தேன். பார்வைக் கண்ணாடிக்கு மேல் கறுப்பு மூடி ஒன்றை மாட்டினேன். (நிமிர்ந்தால் அது இரண்டு இமைகள் போலத் திறந்துகொள்ளும். ஆகவே அன்று முழுவதும் தலை குனிந்தே நடந்தேன்.) கதைகளில் வருபவன் ஓடும் ரயிலிலிருந்து குதிப்பான். நான் ஆவடியில், ரயில் நன்றாக நின்றுவிட்டதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்கினேன். பிறகு ஷேர் ஆட்டோ.

வெள்ளானூர் அந்த வெயிலில் கனவு மாதிரி கிடந்தது. பூசாத சுவர்கள், நம்பர் எழுதிய மனைக் கற்கள், நின்றுபோன ஜேசிபியின் நிழலில் இரண்டு ஆடுகள். ஒரு சத்தம் இல்லை. கண்ணாடியின் கறுப்பு வழியாகப் பார்த்தபோது எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பது போல மெதுவாக அசைந்தது. தினேஷின் வீட்டுக்குப் பச்சை கேட். அதைத் தாண்டிப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். ஒரு மின்கம்பத்தின் பின்னால் சிறிது நேரம் மறைந்து நின்றேன். கம்பம் என்னைவிட ஒல்லி.

டீக்கடைக்காரர் முனுசாமி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இன்னா சார், நாலு தபா போய் வந்துட்டீங்க. யாரு ஊடு வேணும்?"

பெண்ணுக்கு மாமா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. குரலைத் தாழ்த்தினேன். "நான் யாருன்னு கேக்காதீங்க. பச்சை கேட் வீட்டுப் பையன் எப்ப வரான், எப்ப போறான், யார் யார் வந்து பாக்கறாங்க? நான் கேட்டது வெளியில போகக் கூடாது."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "டிபார்ட்மென்டா சார்?" என்றார் மெதுவாக. (அந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்டால் போலீஸா என்று பொருள்.)

நான் இல்லை என்று சொல்லவில்லை. அரைப் புன்னகை ஒன்று புரிந்தேன். காலையில் கண்ணாடி முன் பழகிய புன்னகை.

"நல்ல புள்ள சார் அது. வம்பு தும்புக்குப் போவாது" என்றார். நின்றபடியே சொன்னார்.

நல்ல பையன் என்று வீட்டில் சொன்னேன். வசந்தா நிச்சயத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கினாள். எனக்குத்தான் திருப்தி இல்லை. முதல் விசாரணையிலேயே நல்லவன் என்று தெரிந்துவிடுகிறவனை எந்தக் கதையும் விட்டுவைத்ததில்லை. பத்து நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல் மீண்டும் போனேன். இந்த முறை வேட்டி, விபூதி, குடை. மீசையை எடுத்துவிட்டேன். (ஏன் என்று மனைவி கேட்டதற்கு, வெயில் என்றேன்.) வாடகைக்கு வீடு தேடும் பெரியவர் வேஷம். டீக்கடைப் பக்கம் போகாமல் தெருக்கோடிப் பெட்டிக்கடை அம்மாளிடம், பச்சை கேட் வீட்டு மாடி காலியா என்று கேட்டேன்.

"அந்த ஊடா? வேணாம் பெரிசு. போலீசு கண்ணு வச்சிக்கினு கீது. மஃப்டில வந்து விசாரிச்சுட்டுப் போனாங்களாம். அந்தப் புள்ள இன்னா பண்ணிச்சோ, பெரிய கேசுன்றாங்க. தைக்கக் குடுத்த துணியக்கூட அல்லாரும் திருப்பி வாங்கிக்கினாங்க."

எனக்குப் புல்லரித்தது. என் உள்ளுணர்வு சரியாகிவிட்டது.

திரும்பும் ரயில் அண்ணனூரில் நின்றபோது, அந்த மஃப்டி எப்போது வந்தார், எப்படி இருந்தார் என்று நான் கேட்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் எட்டிப் பார்த்தது. ஜன்னல் வழியாகத் தண்டவாள ஓரத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டே அதை வெளியே தள்ளிவிட்டேன். ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் டீக்கடையில் உளறினார் என்பதைவிட, தலைமறைவுக் குற்றவாளி என்பது எவ்வளவோ நல்ல கதை. நான் சொன்ன கால்வாசி அதுதான்.

பையன் மேல் பெரிய போலீஸ் கேஸ் இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். அன்று மாலையே வசந்தா, இப்போது வேண்டாம் என்று அவர்களுக்குப் போன் செய்தாள். நித்யா அழவில்லை. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

சில நாள் கழித்து என்னிடம் வந்தாள். "மாமா, தினேஷ் தானாவே ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டிருக்கார். அவர் மேல ஒண்ணுமே இல்லையாம். எதிர் வீட்டு கேமராவுல அந்த மஃப்டி பதிவாகியிருக்கார். யாருன்னு தெரியுமான்னு அனுப்பியிருக்கார். பாருங்க."

பார்த்தேன். தொப்பி போட்ட ஒருவர் குனிந்தபடி போனார், வந்தார், போனார். பிறகு ஒரு கம்பத்தின் பின்னால் மறைந்தார். கம்பத்தின் இரண்டு பக்கமும் அவர் தெரிந்தார். அந்தப் படத்தில் அவர் மட்டும்தான் ஒளிந்துகொண்டிருந்தார். மற்ற எல்லாம், ஆடுகள் உட்பட, இயல்பாக இருந்தன.

நிமிர்ந்தேன். நித்யா போனைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீசையை ஏன் மாமா எடுத்தீங்க?" என்றாள்.

சொல்லிவிட்டேன். உள்ளே இருந்த வசந்தாவும் கேட்டாள். "டீ குடிச்சுட்டு வான்னுதானே உன்னை அனுப்பினேன்" என்றாள். என் அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக அவள் என்னை 'நீ' என்றாள்.

மறுநாள் வெள்ளைச் சட்டையில், என் சொந்தப் பெயரில், பச்சை கேட்டைத் தட்டினேன். தினேஷின் அம்மா சரோஜா தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மிஷினில் துணி இல்லை. நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் கடைக்குப் போறதையே விட்டுட்டேன்" என்றார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? தெருவுல சொல்லுங்க."

டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். நின்றுகொண்டே சொன்னேன். "அன்னிக்கு வந்தது நான்தான். நான் போலீஸ் இல்ல. ரிட்டயர்டு வாத்தியார். அந்தப் பையனுக்குப் பார்த்த பொண்ணுக்கு நான் தாய்மாமன்."

முனுசாமி மற்றவர்களைப் பார்த்தார். "புரியுது சார்."

"என்ன புரியுது?"

"நீங்க வாத்தியாரு. நாங்க ஒத்துக்கினோம். யார் கேட்டாலும் அத்தயேதான் சொல்லுவோம்."

பதறிப்போய் என் பென்ஷன் அட்டையை எடுத்து நீட்டினேன். அது கைமாறிக் கைமாறிச் சுற்றியது. "பக்காவா கீது மாமே" என்றார் ஒருவர், இன்னொருவரிடம். "எப்டி ரெடி பண்றாங்க பாரு." ஒருவர் எனக்கு நாற்காலி போட்டார். "தெருவுல மோட்டார் திருடு போவுது சார், போற போக்குல அத்தயும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார் மூன்றாமவர். நான் மறுக்க மறுக்க அவர்களுக்கு என் பதவி உயர்ந்துகொண்டே போனது.

நான் அழும் நிலைக்கு வந்தபோது பச்சை கேட் திறந்தது. வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்த சரோஜா, தெருவில் இறங்கி நின்று, எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டார்.

"அண்ணா, காபி ஆறுது. சம்பந்தி வீடுன்னு கூச்சப்படாம உள்ள வாங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் அவர்கள் முன்னால் நடந்து அந்த வீட்டுக்குள் போனேன். வெறும் விசாரணைக்கு வந்த அதிகாரி, பையனின் யோக்கியதையைப் பார்த்துத் தன் வீட்டுப் பெண்ணையே கொடுக்கிறார் என்று தெரு முடிவுகட்டியது. அந்த வாரமே பிளவுஸ் துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. உண்மையைச் சொல்லி என்னால் துடைக்க முடியாததை, என் பொய்யை வைத்தே அவர் துடைத்தார்.

கல்யாணம் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வெள்ளானூர்க்காரர்கள் என்னைக் கண்டதும் கையில் இருந்த சிகரெட்டைக் கீழே போட்டார்கள். தினேஷ் நல்ல பையன்தான். என்னைப் பார்க்கும்போது மட்டும் ஒரு கணம் தாமதித்துச் சிரிப்பான். அந்தக் கணத்துக்கு நான் கடன்பட்டவன்.

இப்போது நித்யாவுக்குப் பிறந்த பேத்தியைப் பார்க்க மாதம் ஒருமுறை போகிறேன். கேட்டைத் தட்டினால் சரோஜாதான் வருவார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

"இன்னைக்கு யாரா வந்திருக்கீங்கண்ணா?"

உள்ளே எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் தாழ்ப்பாளில் வைத்த கையை நகர்த்த மாட்டார். நித்யாவுக்கு மாமா என்று நான் சொன்ன பிறகுதான் கேட் திறக்கும்.