டோல் மாதிரி ஒண்ணு

மரவேலைக்காரர் செய்து முடித்ததை அவர் மனைவி இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தாள். வளைந்த மேசை. அதன் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த தடுப்புக் கட்டை. கயிற்றை விட்டால் கட்டை படாரென்று இறங்கியது.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்க டோல்கேட்டு?"

"அவங்க கேட்டதே அதான். போன்ல தெளிவா சொன்னாங்க. டோல், ரிசப்ஷன். வர்றவங்க வெளிய நிக்கணும், தகவல் உள்ள போகணும். அவ்வளவுதான்."

"தெளிவாவா? அப்போ இழைப்பு மிஷின் ஓடிட்டிருந்துச்சே! திருப்பிக் கேட்டா என்னவாம்?"

அதுதான் அவரால் முடியாது. பழைய பட்டறையில் எதைத் திருப்பிக் கேட்டாலும், "காதுல என்ன பஞ்சா?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கத்துவார். அந்த ரோஷத்தில்தான் மனிதர் பதினெட்டு வருஷ வேலையை உதறிவிட்டுத் தனியாகப் பட்டறை போட்டார். இதுதான் முதல் பெரிய ஆர்டர். சொதப்பினால் அதே முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். 

அந்த நேரம் பார்த்து மச்சினி வந்தாள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். வாயை மூட மாட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு டோல் ரிசப்ஷனா? எந்த டிபார்ட்மென்ட் மாமா?"

"நோய் எதிர்ப்புச் சக்தியாம்."

அவள் சிரித்த சிரிப்பில் தடுப்புக் கட்டை மறுபடி இறங்கியது. "ஐயோ மாமா! அது டோல்கேட் இல்ல. டோல் லைக் ரிசப்டர்! செல்லுல இருக்கும்."

"யாரோட செல்லுல?"

"போன் இல்ல மாமா, உடம்புல இருக்குற செல்லு! கிருமி வந்தா கண்டுபிடிக்கிற ஏற்பி. நமக்கு ஒரே குடும்பத்துல பத்து பேர் இருக்காங்க. ஒருத்தன் கிருமியோட தோலைத் தடவிப் பாப்பான். ஒருத்தன் வாலைப் புடிப்பான். சில பேர் செல்லுக்குள்ளயே உக்காந்து வைரஸை மோப்பம் புடிப்பாங்க."

"பாக்க எப்படி இருக்கும்?"

"வெளிய லாடம் மாதிரி வளைஞ்சிருக்கும். நடுவுல செல்லோட சவ்வைத் துளைச்சிட்டுப் போற தண்டு. உள்ள ஒரு வால். கிருமி மாட்டுச்சுன்னா ரெண்டு லாடம் ஒண்ணு சேரும். உடனே தகவல் உள்ள போகும்."

"அடியாத்தீ! அவங்க சொன்ன அதே வார்த்தை!" மரவேலைக்காரருக்குப் புல்லரித்தது.

நல்ல மேசையை அக்கக்காகப் பிரித்தார். அந்த மரத்திலேயே இரண்டு லாடம் இழைத்தார். கனம் தாங்காமல், சவ்வுக்காக நிறுத்திய பலகை சாய்ந்து அவர் கால் விரலில் விழுந்தது. லாடங்கள் ஒன்று சேரக் காந்தம் வைத்தார். பட்டறையிலிருந்த ஆணி அத்தனையும் அதில் போய் ஒட்டிக்கொண்டன.

"கிருமியைத் தவிர எல்லாத்தையும் புடிக்குது," என்றாள் மனைவி.

காந்தத்தை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்தார். உள்ளே தகவல் போனது தெரிய மணி வைத்தார். தெருவில் லாரி போனால்கூட அது அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு மணியென்று நினைத்து மூன்று முறை கதவைத் திறந்து பார்த்தார்; கடைசியில் வந்து திட்டிவிட்டுப் போனார். எப்படியோ ஒரு வழியாக அடங்கியது.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா, கிருமிக்குப் பதிலாக அவர் செய்து வைத்திருந்த மரப் பந்தைத் தயங்கித் தயங்கி உள்ளே தள்ளினார். இரண்டு லாடமும் நெருங்கி ஒட்டின. உள்ளே கிணிங் என்றது.

டாக்டரம்மா குழந்தை மாதிரி கை தட்டினார். "இதைப் போர்டுல வரைஞ்சு வரைஞ்சே என் கை தேஞ்சு போச்சு! யாரு யோசனை இது?"

"உங்க ஆபீஸ்லேருந்துதான் மேடம் போன் வந்துச்சு," என்றார் மரவேலைக்காரர் அடக்கமாக.

"மீதி ஒன்பது பேரையும் செஞ்சு குடுங்க. அடுத்த மாசம் மாணவர்களுக்கு வகுப்பு ஆரம்பிக்குது."

ஒன்பது! மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி அந்த முதலாளி வாசலை மிதிக்க வேண்டாம். பட்டறை நிலைத்துவிடும். மரவேலைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டாக்டரம்மா உள்ளே போனதும், பதிவேட்டை ஜன்னல் கட்டையில் வைத்து நின்றபடியே எழுதிக்கொண்டிருந்த பெண் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, போன் பண்ணது நான்தான். டாலா, நல்லா உயரமா ஒரு ரிசப்ஷன் மேசை கேட்டேனே, அது பின்னால வண்டியில வருதா?"